கேள்வி இல்லை என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஹட்டனில் ஒரு பார்மசியில் கவுண்டரில் நிற்கிறவன். வீடு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில்தான் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்). பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் வருகிற கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து மருந்துசாலை ஞாயிறு தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். பிறகு வாரத்தில் மூன்று நாள் என்று ஆனது. இப்போது செவ்வாயும் வெள்ளியும் மட்டும், அதுவும் காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை. இதைப் பற்றிப் பேச அண்மையில் பிள்ளை மடுவத்தில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்) ஒரு கூட்டம் வைத்தார்கள், நாங்கள் முப்பது நாற்பது பேர் போயிருந்தோம். மேலே இருந்து வந்திருந்த ஐயா பதிவேட்டை விரித்துக் காட்டி, "பாருங்கள், ஒரு நாளைக்கு ஏழு பேர், எட்டுப் பேர்தான் வருகிறார்கள், கேள்வியே இல்லாத இடத்தில் ஆளையும் மருந்தையும் கொண்டுவந்து போடச் சொன்னால் எப்படி?" என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே, அதற்கும் உங்கள் ஆட்கள் ஒழுங்காகப் போகிறதில்லை, விழிப்புணர்வு போதாது" என்று ஒரு போடு போட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். நானும்தான். வீட்டுக்கு வந்து ஒரு பிளேன்டீ குடித்த பிறகுதான் எனக்கு வாயே வந்தது.

அவர் சொன்ன அந்தக் 'கேள்வி' (வினா இல்லை, ஆங்கிலத்தில் டிமாண்ட் என்கிறார்களே, அது) எனக்குத் தெரிந்த சொல். உயர்தரத்தில் பொருளியல் படித்தவன் நான் (பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, அது வேறு கதை). முதல் பாடத்திலேயே சேர் கரும்பலகையில் எழுதிப் போட்டார்: தேவை வேறு, கேள்வி வேறு. ஒரு பொருள் வேண்டும் என்ற விருப்பம் இருந்து, அதை வாங்கும் சக்தியும் கையில் இருந்தால்தான் அதற்குப் பெயர் கேள்வி. வயிற்றில் பசி இருக்கிறவன் எல்லோரும் ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறானா? ஹோட்டல் காலியாகக் கிடக்கிறது என்பதற்காக ஊரில் யாருக்கும் பசியே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த ஐயா பதிவேட்டைப் பார்த்துச் சொன்னது கிட்டத்தட்ட அதுதான். கேள்வி குறைந்திருப்பது உண்மை. எதனால் குறைந்தது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

என் அம்மாவை வைத்தே சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், இன்றைக்கும் எடுக்கிறார். பிரஷரும் இருக்கிறது, சீனியும் (நீரிழிவு) இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். கிளினிக் கொப்பியை மழையில் நனையாமல் இரண்டு சொப்பிங் பேக்கில் சுற்றி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார், அவ்வளவு மரியாதை அதற்கு. அன்றைக்கு விடிய 4 மணிக்கு எழும்ப வேண்டும், இரத்தம் எடுப்பதென்றால் ஒன்றும் சாப்பிடக்கூடாது, எங்கள் டிவிஷனிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஓட்டோ, அங்கிருந்து ஆறு மணி பஸ். போய் நம்பர் எடுத்தால் எண்பதோ தொண்ணூறோ வரும். பிறகு இரத்தம், பிறகு டொக்டர், பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை. டொக்டரிடம் உட்காருவது இரண்டு நிமிடம். டொக்டரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு முன்னால் நிற்கிற கூட்டம் அப்படி. வீட்டுக்கு வந்து சேர மாலை 3 மணி.

இப்போது கணக்கு. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கி, வேலைக்கு வருகிற நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் கிளினிக் போகிற அன்று அம்மாவுக்குப் பேர் விழாது (வேலைக்கு வந்ததாகப் பதிவாகாது, அன்றைய சம்பளம் இல்லை), அந்த 200உம் வராது. ஓட்டோவுக்குப் போக வர 500. பஸ்ஸுக்கு 240. வெறும் வயிற்றோடு போனவர் ஒரு டீயும் பணிசும் சாப்பிட்டால் 200. 'இது எங்களிடம் இல்லை, வெளியில் வாங்குங்கள்' என்று எழுதித் தருகிற மருந்துக்குப் போன தடவை 900. கூட்டிப் பாருங்கள், 3,590 ரூபா. இலவச கிளினிக்குக்கு! கவுண்டரில் காசு வாங்கவில்லை என்பது உண்மை. வீட்டுக் கதவைத் தாண்டியதிலிருந்து கவுண்டர் வரைக்கும், அங்கிருந்து திரும்ப வீட்டுக் கதவு வரைக்கும் வாங்கிவிடுகிறார்களே.

இன்னொன்றும் இருக்கிறது, இது பலருக்கும் படுவதில்லை. சம்பளம் கூடக் கூட ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளின் விலையும் கூடுகிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தபோது கிளினிக்கில் போனது 1,000. இன்றைக்குப் போவது 1,750. மாதச் சம்பளக்காரருக்கு லீவு என்று ஒன்று இருக்கிறது, வங்கியிலோ கந்தோரிலோ வேலை செய்கிறவர் பிரஷர் பார்க்கப் போனால் சம்பளத்தில் கை வைக்கமாட்டார்கள். நாட்கூலிக்காரருக்கு நோய் பார்ப்பதே ஒரு செலவு. அதனால்தான் அம்மா மாதக் கிளினிக்கை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆக்கிக்கொண்டார், எங்களிடம் சொல்லாமலே. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் ராத்திரி குசினியில் பலகையை வைத்து சவர பிளேட்டால் சீனி மாத்திரையை நடுவில் பிளந்துகொண்டிருந்தார். பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு. கவுண்டரில் நின்று நாள் முழுக்க மற்றவர்களுக்கு "மருந்தை விடாமல் போடுங்கள் அம்மா" என்று சொல்கிறவன் நான். வீட்டில் இந்தக் கூத்து. கேட்டதற்கு, "ஒரு மாச மருந்து ரெண்டு மாசம் வருதுல்ல" என்றார். விழிப்புணர்வு இல்லாத ஆளா அவர்? கணக்கு அத்துப்படி, அதுதான் பிரச்சினை.

காசு கொஞ்சமாக இருந்தாலும் சனத்தைத் தடுத்துவிடும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய பாடம் இல்லை. இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணம் 1951இலேயே எடுபட்டுவிட்டது. 1971இல் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிற ஆளுக்கு 25 சதம் என்று ஒரு கட்டணம் போட்டார்கள். 25 சதம்தான்! வருகிறவர்கள் தொகை விழுந்தது, 1977இல் அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1974 தொடங்கி 1982 வரை ராண்ட் என்ற நிறுவனம் இதையே பெரிய பரிசோதனையாகச் செய்தது, சில குடும்பங்களுக்கு வைத்தியம் முழு இலவசம், சிலருக்குச் செலவில் ஒரு பங்கு என்று பிரித்துப் பார்த்தார்கள். பங்கு கட்டியவர்கள் வைத்தியத்தைக் குறைத்துக்கொண்டார்கள், வேண்டாததைக் குறைத்த அளவுக்கு வேண்டியதையும் குறைத்துக்கொண்டார்கள். முழு இலவசம் யாருக்கு அதிகம் உதவியது தெரியுமா? பிரஷர் உள்ள ஏழைகளுக்கு. எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு.

பொருளியலில் 'நிரப்புப் பண்டம்' என்று ஒன்று படிப்போம், காருக்குப் பெற்றோல் மாதிரி, ஒன்றின் விலை ஏறினால் மற்றதன் கேள்வி இறங்கும். மலையில் ஆஸ்பத்திரிக்கு நிரப்புப் பண்டம் பஸ். 2022இல் டீசல் இல்லாமல் பஸ் நின்ற மாதங்களில் யாருடைய பிரஷரும் குறையவில்லை, கிளினிக் போகிறவர்கள்தான் குறைந்தார்கள். டித்வா புயலில் மண் சரிந்து பாதை அடைபட்டபோதும் அப்படித்தான். ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டிலோடு ஆஸ்பத்திரி கட்டி 2017 மே மாதம் இந்தியப் பிரதமரே வந்து திறந்தார், நல்ல விஷயம், குறை சொல்ல ஒன்றும் இல்லை (அம்மா கிளினிக் போவது வேறு இடத்துக்கு). ஆனால் மலை உச்சி டிவிஷனில் இருக்கிறவருக்கு ஆஸ்பத்திரியின் தூரம் கிலோமீட்டரில் இல்லை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதில் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்புலன்சுக்கு இப்போது எங்கள் பக்கம் தாராளமாக போன் அடிக்கிறார்கள், காசில்லை, வீட்டுக்குக் கிட்டவே வருகிறது, அதனால். லயத்துக்கு ரோடு இல்லாத இடத்தில் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் காத்திருக்கிறார்கள். அந்தச் சனத்தையா ஆஸ்பத்திரிக்குப் போக மனமில்லாத சனம் என்கிறீர்கள்?

என் கவுண்டருக்கு வருகிறேன். எனக்கு நாட்காட்டியே தேவையில்லை, வருகிற கூட்டத்தை வைத்து திகதி சொல்லிவிடுவேன். மாதம் 10ஆம் திகதி சம்பளம், 25ஆம் திகதி வாக்கில் அட்வான்ஸ். அந்த இரண்டு நாளையும் ஒட்டித்தான் டவுனில் பிரைவேட் டொக்டர்மார் எல்லோரிடமும் கூட்டம், எங்களிடமும் கூட்டம். தோட்டத்தில் காய்ச்சலும் சளியும் சம்பள நாள் பார்த்தா வருகிறது? இடைப்பட்ட நாட்களில் வருகிறவர்கள் டொக்டர் எழுதின துண்டை நீட்டிவிட்டு முதலில் கேட்பது விலையைத்தான். போன மாதம் ஒரு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று நூறு ரூபாத் தாளை எடுத்து வைத்து, "இதுக்கு எத்தனை வருதோ அத்தனை குடு தம்பி, மிச்சத்த பத்தாந்தேதி வாங்கிக்கிறேன்" என்றார். துண்டில் இருந்தது ஏழு நாளைக்கான அன்டிபயோடிக். மூன்று நாளைக்கு வாங்கி நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், சொல்லவும் சொன்னேன், அவருக்கும் புரிந்தது. பாக்கிக்குக் கொடுத்தேன், முதலாளி இதை வாசிக்கமாட்டார் என்று நம்புகிறேன். வேறு சிலர் துண்டே இல்லாமல் வருவார்கள், "காய்ச்சலுக்கு ரெண்டு நாளைக்கு ஏதாவது போட்டுக் குடுங்க" என்று. டொக்டரைப் பார்க்கிற செலவை மிச்சம் பிடிக்க நாங்கள், எங்களை மிச்சம் பிடிக்க பெட்டிக்கடைப் பெனடோல், அதையும் மிச்சம் பிடிக்க கொத்தமல்லித் தண்ணீர், கோயில் பூசாரியிடம் ஒரு கயிறு. அறிவில்லாமல் யாரும் அங்கே போகவில்லை, கைக்கு எட்டுகிற விலையில் எது இருக்கிறதோ அங்கே நிற்கிறார்கள்.

பாஷை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. ஆனால் மருந்து உறையில் இன்னும் ஆகவில்லை. ஒரு தாத்தா உறையோடு வந்து நின்றார், சிங்களத்தில் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று எழுதியிருந்தது, அவர் ஒரு மாதமாக இரண்டையும் இரவிலேயே போட்டிருக்கிறார். அதிலிருந்து நான் எழுத்தோடு ஒரு சூரியனும் ஒரு பிறையும் வரைந்துதான் கொடுக்கிறேன், படம் மோசமாக இருக்கும், ஆனால் தப்பு நடக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது சொன்னது விளங்காமல் இரண்டு தடவை கேட்டு, அதற்கு எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியவர் மறுபடி அந்த வாசலை மிதிப்பாரா? சாகக் கிடந்தால்தான் போவார். இதே சனம், தமிழ் பேசத் தெரிந்த ஒரு சிங்கள நேர்ஸ் மிஸ் இருக்கிற வார்டைத் தேடி, பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி இன்னும் ஒரு பஸ் ஏறிப் போகிறார்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "எங்க வலிக்குது அம்மா?" என்று அவர் கேட்பதற்காக 100 ரூபா கூடக் கொடுத்துப் போகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமி "மிஸ்சுக்கு இன்னைக்கு டியூட்டியா" என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

வயதானவர்களுக்குக் கூடப் போக ஆள் வேண்டும் என்பது வேறு. லயத்தில் இப்போது இருப்பது கிழடுகளும் குழந்தைகளும்தான், இளசுகள் எல்லாம் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும். நோய் கூடுகிற வயதில் துணை குறைகிறது.

சரி, விழிப்புணர்வுக்கு வருவோம். எங்கள் ஆட்களுக்கு அறிவு போதாது என்றால் தடுப்பூசியை என்னவென்று சொல்வது? நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசி 95 சதவீதத்துக்கும் மேல் போகிறது, எங்கள் தோட்டத்திலும் ஊசி தவறிய பிள்ளை என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. அதே தாய்மார்தான், அதே லயம்தான், அதே படிப்புதான். என்ன வித்தியாசம் என்றால் அங்கே மிட்வைஃப் மிஸ் லயத்துக்கு வருகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கிளினிக் தோட்டத்துக்குள்ளேயே நடக்கிறது, வராவிட்டால் வீட்டு வாசலில் வந்து நின்று ஏசுகிறார் (அந்த ஏச்சு வேறு மாதிரி, அதற்கு யாரும் கோபிப்பதில்லை). ஒரு நாள் பேரையும் இழக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கம் வெல் வுமன் கிளினிக்கைப் பாருங்கள். 1996இலிருந்து நடக்கிறது, 35 வயதில் பெண்களுக்குக் கருப்பை வாசல் புற்றுநோய்க்கான சோதனை, இலவசம். ஆனால் வார நாள், காலை நேரம், மலையில் கொழுந்து எடுக்கிற நேரம். அதுவும் வலி ஒன்றும் இல்லாதபோது போக வேண்டிய கிளினிக். நோவு இருந்தாலே நாள் பார்க்கிற ஆள், நோவு இல்லாமல் 1,750 ரூபாவை விட்டுவிட்டுப் போவாரா? எங்கள் அக்காவிடம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார். ஞாயிறு காலையில் பிள்ளை மடுவத்தில் வைத்துப் பாருங்கள், அக்கா முதல் ஆளாக நிற்காவிட்டால் நான் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, 1912இல் வந்தது, வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு நோய் வந்தால் பார்க்க வேண்டியது தோட்ட நிர்வாகம் என்று வைத்தது. வெள்ளைக்காரன் இரக்கப்பட்டுச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம், ஆள் படுத்துவிட்டால் கொழுந்து யார் எடுப்பது? ஆனாலும் அதன் பெயரில் 'தேவை' என்ற சொல் இருக்கிறது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் எடுத்தது, சில அப்படியே கிடக்கின்றன. கேட்டால் கம்பனி அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் கம்பனியைக் காட்டும். இரண்டு பேரும் சேர்ந்து இப்போது பதிவேட்டைக் காட்டுகிறார்கள்.

அந்தப் பதிவேட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆறு நாள் திறந்திருந்தபோது சனம் வந்தது. மூன்று நாள் ஆக்கியதும், போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் அடுத்த தடவை போகவில்லை. வருகிறவர்கள் குறைந்ததும் மருந்தைக் குறைத்தார்கள். மருந்து இல்லை என்றதும் இன்னும் குறைந்தார்கள். உடனே இரண்டு நாள். இப்போது ஏழு பேர் என்று எண்ணிக் காட்டுகிறார்கள். காலை 9 மணிக்குத் திறந்து 12 மணிக்கு மூடினால், அந்த நேரத்தில் மலையில் இருக்கிற சனம் எப்படி வரும்? அந்த ஏழு பேரும் பென்ஷன் போனவர்கள்.

ஐயா கோபப்படக்கூடாது, எங்கள் தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும் இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், சம்பளப் பேச்சுவார்த்தையில் கிளினிக் நாள் பற்றி யாரும் வாய் திறந்ததாக நான் கேட்கவில்லை. கிளினிக் கொப்பியில் அன்றைய திகதியும் சீலும் இருந்தால் அரைப் பேராவது போடுங்கள். மருந்துசாலையை மாலையில் கொழுந்தை எடை போட்ட பிறகு இரண்டு மணித்தியாலம் திறவுங்கள், காலையில் மூடி வைத்தாலும் பரவாயில்லை. பிரஷர், சீனி மருந்தை மாதா மாதம் தோட்டத்துக்கே அனுப்புங்கள். முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், 2020இல் கொரோனா ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பின நாடுதான் இது. எங்கள் லயத்துக்குச் சரியான முகவரி இல்லை, கடிதம் எல்லாம் தோட்டத்து ஒஃபிசில் கிடந்து கிடந்து வருகிறது என்பது தனிக் கடிதம் எழுத வேண்டிய விஷயம்.

அந்த ஐயா மறுபடி எண்ண வருவதாக இருந்தால், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மாலை 5 மணிக்குக் கொழுந்து மடுவத்துக்கு வரட்டும். தராசடியில் நின்று யாருக்குப் பிரஷர், யாருக்கு முட்டி வலி, யார் மருந்தை நிறுத்திவிட்டார் என்று கேட்டு எழுதட்டும், பேனை நான் தருகிறேன். உட்கார இடம் வேண்டுமென்றால் பிள்ளை மடுவத்துச் சாவி எங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம்தான் இருக்கிறது, கேட்டால் திறந்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு பார்மசி ஊழியர்,
ஹட்டன்